மீதி சுழி

கண்ணை மூடிக்கிடுங்க சார், நான் சொல்லுத வரைக்கும் திறக்கப்படாது என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் போய்விட்டாள். கால் மணிக்கு ஒரு தடவை வந்து சொட்டு விடுவாளாம், மூன்று தடவை விட்டால் கண்மணி விரியுமாம், பிறகு டாக்டர் உள்ளே விளக்கடித்து, சர்க்கரை என் கண்ணுக்குள் என்னென்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்ப்பாராம். முக்கால் மணி நேரம். நாற்பத்தெட்டு வயதில் விழித்திருக்கும்போது முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்த ஞாபகம் எனக்கு இல்லை. எரிகிறது. இமைக்குள் மஞ்சளாக ஏதோ மிதக்கிறது. பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள், டோக்கன் நம்பரை மைக்கில் சொல்கிறார்கள், கேன்டீனிலிருந்து வடை வாசனை வருகிறது, எனக்கு அது கிடையாது. சொட்டு விடுவதற்கு முன்னால், கண்ணாடியையும் போனையும் கூட வந்தவங்ககிட்ட கொடுத்திருங்க என்றாள் நர்ஸ், நானும் மந்திரித்து விட்டவன் மாதிரி எடுத்து மதியிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ரிஸ்வானா இன்று மெசேஜ் அனுப்புவாள். ரிஸ்வானா எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடமாக இருக்கிற எஞ்சினியர், மேலப்பாளையத்துப் பெண், கெட்டிக்காரி, கையில் எடுத்ததைப் பாதியில் விடமாட்டாள், அதுதான் வினை. நேற்று என் மேசைக்கு வந்து, சார், நம்ம ஜாதகப் புரோகிராம்ல 2009 நவம்பர்ல ஒரு வரி மாத்தியிருக்கீங்க, குறிப்புல சிறு திருத்தம்னு மட்டும் எழுதியிருக்கீங்க, அது என்ன திருத்தம் சார் என்று கேட்டாள். பதினாறு வருடமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. யோசிச்சுச் சொல்லுதேம்மா என்றேன். சரி சார், நானும் பழைய ஜாதகத்தையெல்லாம் ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாத்துட்டு நாளைக்கு வாட்ஸப்புல அனுப்புதேன் என்றாள். நாளைக்கு என்பது இன்றைக்கு. அவள் அனுப்பினால் அதைப் படிக்கப் போவது மதி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மதி படிக்கக் கூடாது.

மதி என்றால் காந்திமதி, என் தங்கை, என்னைவிட ஆறு வயது இளையவள், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். என் மனைவிக்கு இன்று அவள் அண்ணன் வீட்டில் விசேஷம், அதனால் மதி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருக்கிறாள். டீச்சர் புத்தி, எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பாள், தெருவில் போனால் கடைப் பலகையைக்கூடப் படித்துக்கொண்டு வருவாள். இப்போது என் போனைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணே, சித்தப்பா காலை வணக்கம் போட்டிருக்காவ, ஒரு ரோசாப்பூ படம். அண்ணே, சித்தப்பா இன்னொரு காலை வணக்கம், இது தாமரை. காஸ் சிலிண்டர் நாளைக்கு வருதாம். ம், ம் என்று நான் கொட்டிக்கொண்டிருக்கிறேன். போனைக் கொடு என்று கேட்கலாம். கண்ணைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, உனக்கு எதுக்குப் போனு என்பாள். அணைத்து வை என்று சொல்லலாம். ஏன் என்பாள். அவளிடம் ஏன் என்ற கேள்விக்குப் பொருத்தமான பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர, அது பொய்கூட இல்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஆயிற்று. மதிக்கு வரவேண்டிய கல்யாணம் நான் எழுதிய புரோகிராமால் நின்றுபோனது. அது தப்பாகச் சொன்னது. தப்பு என்று மூன்று மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இந்த நாலு வரிதான், இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

சுபலக்னம் என்று பெயர் அந்தப் புரோகிராமுக்கு. கோலப்பன் அண்ணாச்சி முதலாளி, அவருக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி, மாடியில் மூன்று கம்ப்யூட்டர், நான். பிறந்த நாள், நேரம், ஊர் கொடுத்தால் ஜாதகம் கணித்துப் பொருத்தம் சொல்லும். எனக்கு ஜாதகத்தில் துளி நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கிரகம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுவது பிடிக்கும், அவ்வளவுதான். தொல்லை எங்கே என்றால் ஜோசியர்களிடம். கிரகம் நிற்கிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து, அதற்கு என்ன அர்த்தம் என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கு. கடையநல்லூர்க்காரருக்கு இரண்டாம் இடத்துச் செவ்வாய் தோஷம், ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்கு அது தோஷமே இல்லை. ஒருத்தர் சந்திரனிலிருந்தும் எண்ணுவார், ஒருத்தர் எண்ண மாட்டார். ஒவ்வொருத்தருக்கும் நான் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதின புரோகிராமைத் திறந்து, அவர் வழக்கப்படி மாற்றி, மறுபடி கம்பைல் செய்து, சிடியில் போட்டு, பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டும். பதினோரு ஜோசியருக்குப் பதினோரு சுபலக்னம். பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. அப்போதுதான் ஸ்கீம் ஞாபகம் வந்தது. காலேஜில் ஜெராக்ஸ் பிரதியில் படித்த சின்னக் கம்ப்யூட்டர் மொழி, எல்லாமே அடைப்புக்குறி, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. அதைப் படித்து நடத்துகிற இன்டர்பிரட்டர் ஒன்று, நாலாயிரம் வரிகூட இருக்காது, இலவசமாகக் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து எங்கள் பெரிய புரோகிராமுக்குள் குடிவைத்தேன். கிரகக் கணக்கைப் பெரிய வீடு பார்த்துக்கொள்ளும், என்ன அர்த்தம் என்ற விதிகளை அந்தச் சின்னக் குடித்தனம் பார்த்துக்கொள்ளும். விதிகள் தனியாக ஒரு ஃபைலில், ஜோசியரே திறந்து மாற்றலாம். மாற்றினார்கள் ஐயா. வன்னியப்பெருமாள் ஜோசியர், அறுபது வயது, கோவில்பட்டியிலிருந்து போன் போட்டு, தம்பி, கடைசியில எத்தனை வளைவு போடணும்னு கேட்பார். திறந்தது எத்தனையோ அத்தனையும் மூடணும் சாமி. அட, இவ்வளவுதானா என்பார். அந்த ஆனி மாதம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இவ்வளவு அழகான காரியத்தை இந்த ஜில்லாவில் யாரும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை, அதுதான் கேவலம்.

அண்ணே, எரியுதா? துடைக்கட்டா? வேண்டாம்மா. கைக்குட்டையை என் கையில் வைக்கிறாள். ஆவணியில்தான் நம்பிராஜன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவர் அதே பள்ளியில் வேதியியல் வாத்தியார், மதி இவரைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை, பேசாததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. லேப் சாவி, பரீட்சைத் தாள், ஸ்டாஃப் ரூம் காப்பி என்று மற்ற எல்லா வாத்தியார்களையும் சொல்வாள், அவர் பெயர் வருகிற இடத்தில் சுற்றிக்கொண்டு போவாள். அவரே அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியாக, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. அந்த அம்மா பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஜாதகத்தை எடுத்து வைத்தாள். உங்க வீட்டுலயே மிஷின் இருக்காமே, போட்டுப் பாருங்களேன் என்றாள். எனக்குப் பெருமை. லேப்டாப்பை எடுத்துவந்து கூடத்திலேயே உட்கார்ந்து போட்டேன். மதிக்குக் கடக லக்னம், ஏழில் செவ்வாய். தோஷம் உண்டு. மாப்பிள்ளைக்குத் தோஷம் இல்லை. பொருத்தம் இல்லை. அப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, ஏல, நீ போட்டதுதானே, கொஞ்சம் முன்னப் பின்ன மாத்தி அடிச்சிக் கொடுத்துரேன் என்றார், அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் என்ன சொன்னேன்? கணக்கை மாத்த மாட்டேன்ப்பா என்று சொன்னேன். ஜாதகத்தில் நம்பிக்கையே இல்லாதவன், ஒரு எழுத்தை மாற்றி அடித்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று தெரிந்தவன், யோக்கியனாக இருப்பதற்கு அந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். நம்பிராஜன் அம்மா எழுந்து, பொண்ணோட அண்ணனே போட்ட மிஷின் இல்லன்னு சொல்லுது, இதுக்கு மேல யாரைக் கேக்கச் சொல்லுதீங்க என்றாள். நியாயம்தானே. நம்பிராஜன் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என்னை இல்லை.

அதுகூடப் பரவாயில்லை, அன்று எல்லோரும் போன பிறகு மதி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதுதான், அந்த இடத்துக்கு வந்தால் மனசு செருப்பில் மாட்டிய முள் மாதிரி அதிலேயே நிற்கிறது. அண்ணே, செவ்வாய் மகரத்துல இருந்தா உச்சம்லா, உச்சத்துல இருந்தா விலக்குன்னு சொல்லுவாங்களே, இன்னொரு தடவை பாரேன். இன்னொரு தடவை பாரேன். அவள் எந்தப் புத்தகத்தில் தேடினாளோ, யாரைக் கேட்டாளோ, ஃபிசிக்ஸ் டீச்சர், அதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். விலக்கெல்லாம் உள்ளேயே எழுதியிருக்கும்மா, அதையும் பார்த்துத்தான் சொல்லுது என்றேன். ஒரு தடவை பாரேன் அண்ணே. பார்த்தேன். அதே விடை. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதே விடை. கம்ப்யூட்டருக்கு உம்மேல என்ன விரோதமா என்று கேட்டேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டுகூடக் கேட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவுகிற சத்தம் கேட்டது. விடையைத்தான் மூன்று தடவை பார்த்தேன், விதி ஓடுகிற வழியை ஒரு தடவை பார்த்திருக்கலாம். எழுதியவன் நான், பத்து நிமிட வேலை. பார்க்காமல் போனதற்குக் காரணம் அவசரமில்லை, அலுப்பில்லை. அவள் சொல்லி என் புரோகிராமில் தப்பு இருக்குமா என்ற திமிர்.

சார், கண்ணைக் காட்டுங்க. இரண்டாவது சொட்டு. இமையை விரலால் பிரித்தபோது ஒரு கணம் வெளிச்சம் பாலாகக் கொட்டியது, மதியின் சேலை பச்சையாக ஒரு திட்டு, முகம் இல்லை. மூடிக்கிடுங்க. மூடிக்கொண்டேன். கார்த்திகையில் ஒரு மழைநாளில் வன்னியப்பெருமாள் ஜோசியர் கூப்பிட்டார். தம்பி, எம் பேத்தி ஜாதகம் போட்டேன், செவ்வாய் மேஷத்துல ஆட்சி, தோஷம் கழிஞ்சுபோச்சு, உம்ம மிஷின் உண்டுங்குது, எனக்கு வளைவு எங்கயாவது பிசகிருச்சான்னு பாரும். அவருடைய வளைவு எதுவும் பிசகவில்லை. எனக்குத்தான். தோஷத்தை எண்ணிக் கழிப்பதும் கணக்குதானே என்று அதைப் பெரிய புரோகிராமிலேயே வைத்திருந்தேன். தோஷமே இல்லாத ஜாதகத்துக்கு அது உள்ளே இருக்கிற குடித்தனத்திடம் 'இல்லை' என்று சொல்லி அனுப்பும். தோஷம் உள்ளவர்களுக்கு அது எத்தனை என்று எண்ணி, விலக்குகளைக் கழித்து, மீதியை அனுப்பும். எல்லாம் கழிந்துவிட்டால் மீதி சுழி, அதாவது பூஜ்யம். சி மொழியில் சுழி என்றால் இல்லை என்று அர்த்தம், பத்து வருடமாக அதிலேயே எழுதிப் பழகிய கை, யோசிக்கவே இல்லை. ஸ்கீமுக்கு அந்தக் கதையே கிடையாது. இல்லை என்பதற்கு அதனிடம் தனியாக ஒரு குறி இருக்கிறது, அந்த ஒன்றுதான் இல்லை, மற்றது எது வந்தாலும் உண்டு. சுழி வந்தாலும் உண்டு. தோஷமே இல்லாதவன் தப்பித்தான், தோஷம் உள்ளவனுக்குச் சரியாகச் சொன்னது, தோஷம் இருந்து விலக்கும் கிடைத்தவர்களை மட்டும் பிடித்துக்கொண்டது. வெளியே விடுவதற்கு முன்னால் நூறு ஜாதகம் ஓட்டிச் சோதித்திருந்தேன், அந்த மாதிரி ஒன்றுகூட அதில் இல்லை. ஸ்கீம் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதன் முதல் பாடத்திலேயே இது உண்டு, என் ஜெராக்ஸ் பிரதியில் அந்த வரிக்குக் கீழே பென்சிலில் கோடுகூடப் போட்டிருந்தேன். ஒரே ஒரு வரி சேர்த்தேன், மீதி சுழியானால் இல்லை என்று அனுப்பு. பிறகு மதியின் பிறந்த நேரத்தை அடித்தேன், நம்பிராஜனுடையதையும் அடித்தேன். தோஷம் இல்லை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். உத்தமம் என்று வந்தது, அந்தச் சொல்லை அச்சில் வருவதற்கு அழகான எழுத்தாகப் பார்த்துப் போட்டவனும் நான்தான்.

அப்போது நம்பிராஜனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் முடிந்திருந்தது, கல்யாணம் முடியவில்லை. தையில்தான் கல்யாணம். இரண்டு மாதம் இருந்தது. இதை நான் வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொல்லிப் பார்ப்பேன், ஒருவனுக்கு இரண்டு மாதம் இருந்தது, அவன் என்ன செய்தான்? அவன் வீட்டுக்குப் போனான். தங்கை கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மதி என்று கூப்பிட்டான். அவள் நிமிர்ந்து, என்ன அண்ணே என்றாள். அவன், காப்பி இருக்கா என்று கேட்டான். அவ்வளவுதான் செய்தான். அவள் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், அதைக் குடித்தான். காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நிச்சயமான இன்னொரு பெண் இருக்கிறாள், அவள் வாழ்க்கையைக் கெடுக்கலாமா? அதற்குள் அறுபது ஜோசியர் வாங்கியிருக்கிறார்கள், தெரிந்தால் கோலப்பன் அண்ணாச்சி கதி என்ன? ஜாதகமே பொய், பொய்யில் சரி என்ன தப்பு என்ன? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை இதில் எதுவும் இல்லை. அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் கணக்கை மாற்றமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், கணக்கு மாறிய பிறகு அதை மறைத்தேன். தப்பான விடைக்கு யோக்கியன், சரியான விடைக்குத் திருடன். தையில் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் வேன் பிடித்து அந்தக் கல்யாணத்துக்குப் போனார்கள், அவளும் போனாள், வந்து தயிர்சாதம் சாப்பிட்டாள், பந்தியில நல்ல கூட்டம் அண்ணே என்றாள். அடுத்த வருடம் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு அவளுக்கு வந்த ஏழு இடத்தையும் அவளே வேண்டாம் என்றாள். தோஷக்காரியைக் கட்டி இன்னொரு குடும்பம் எதுக்குக் கஷ்டப்படணும் என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாள். ஃபிசிக்ஸ் டீச்சர். அதை அவளை நம்ப வைத்ததும் நான்தானே. அடுத்த அறையில் இருந்தேன், எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

இருமல்காரர் போய்விட்டார் போல, சத்தத்தைக் காணவில்லை. மூன்றாவது சொட்டும் ஆயிற்று. இனிமே திறந்துக்கிடலாம் சார், மங்கலாத்தான் தெரியும், சாயங்காலம் சரியாயிரும், டாக்டர் கூப்பிடுவாரு என்றாள் நர்ஸ். திறந்தேன். எல்லாம் வெளுத்துக் கிடந்தது, ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை. இனிமேல் போனைக் கேட்கலாம், கையை நீட்டினேன், நீட்டிய நேரம் போன் சிணுங்கியது. மதி, ரிஸ்வானா அனுப்பியிருக்கு, உங்க ஆபீஸ் பிள்ளைலா, பெரிசா இருக்கு என்றாள். சரி, கொடு. உனக்கு எங்க தெரியும் இப்ப, நான் படிக்கேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், எடுத்தேனா, எடுத்ததாக நினைக்கிறேன், அதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டாள், வகுப்பில் படிப்பது போல, நிறுத்தி நிறுத்தி. சார், வணக்கம். 2009 ஜூலையில இருந்து நவம்பர் வரைக்கும் நம்மகிட்ட இருக்கிற பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு ஜாதகத்துல விடை மாறி வருது. எல்லாருமே செவ்வாய் தோஷம் இருந்து விலக்கு ஆனவங்க. மீதி சுழி வந்திருக்கு, நம்ம புரோகிராம் அதை உண்டுன்னு எடுத்திருக்கு. நவம்பர் பதினெட்டுல நீங்க திருத்தியிருக்கீங்க. அப்ப உங்களுக்குத் தெரியும்தானே சார்? இவங்களுக்கு யாராவது சொன்னாங்களா? இல்லன்னா இப்பவாவது சொல்ல வேண்டாமா? லிஸ்ட் கீழே இருக்கு. மதி நிறுத்தினாள். லிஸ்டைப் படிக்கவில்லை. மைக்கில் ஒரு டோக்கன் நம்பர் சொன்னார்கள், என்னுடையது இல்லை. விலக்குன்னா, என்றாள், உச்சத்துல இருந்தா வருமே, அதுவா? ஆமா, அதுதான் என்றேன். அவள் முகம் இருக்கிற திசையைப் பார்த்தேன், வெளுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது, அதில் கண் எங்கே, வாய் எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு, இதற்குமேல் என்ன இருக்கிறது.

அவள்தான் பேசினாள். பதில் போடணும்லா? நீ பெறகு நிதானமாப் போட்டுக்கிடுதியா, இல்ல நான் அடிக்கட்டா? குரலில் ஒன்றும் இல்லை, சித்தப்பாவின் தாமரைப் பூவைச் சொன்ன அதே குரல். பெறகு என்று சொன்னால் போதும், அவளே எனக்கு வழி விட்டிருக்கிறாள், போனை மடியில் வைத்துவிடுவாள், வீட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், அதன் பிறகு ஒரு நாளும் இதைப் பற்றிக் கேட்கமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். பதினாறு வருடம் போனதோடு இன்னும் ஒரு இருபது வருடம் போகும். அடி என்றேன். ரிஸ்வானா, நீ கண்டுபிடித்தது சரி. தப்பு என்னுடையது. திருத்திய அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. என் போனில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. உன் லிஸ்டில் ஒரு பெயர் குறையும் என்றேன். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டதில்லை, வீட்டில் வைத்து என் லேப்டாப்பில் போட்டது. ஆவணி மாதம். என் தங்கை காந்திமதியின் ஜாதகம். சத்தம் நின்றது. கேன்டீன் பக்கம் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள், உருண்டு உருண்டு ஓய்ந்தது. மன்னிச்சிரு மதி என்றேன், அது செய்திக்கா அவளுக்கா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை அவள் அடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் எழுத்துச் சத்தம் கேட்டது, மெதுவாக, அவள் பெயரை எழுதி முடிக்கிற அளவுக்கு. என்னை அவள் இன்னும் தொடவில்லை, திட்டவும் இல்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அனுப்பிட்டியா என்று கேட்டேன். இல்ல, இரு என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பொருத்தம் பாத்தது ரெண்டு ஜாதகம்லா அண்ணே, என் பேரை மட்டும் போட்டா எப்படி, அவுகளுக்கும் சொல்லணும்லா. நம்பிராஜனின் இனிஷியல், பிறந்த தேதி, நட்சத்திரம், அதையெல்லாம் என்னிடம் கேட்பாள், எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.